நஜ்லா வைக்காத புள்ளி

“கொலை எண்டாச் செல்லுங்க, உடன எழும்பிறன். கல்யாணம் எண்டா இந்தத் தேத்தண்ணியக் குடிச்சி முடிக்க விடுங்க.”

வருகிற ஆட்களை ஸுஹைறா ராத்தா வரவேற்கும் முறை இது. எதிரே நின்ற பெண்ணுக்குத் தொண்டைவரை வந்த அழுகை வெட்கப்பட்டுத் திரும்பிப் போய்விட்டது.

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு கொத்துறொட்டிக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் காரியாலயம். கீழே தகரத்தில் றொட்டி கொத்துகிற சத்தத்துக்கு மேலால்தான் மனிதர்கள் தங்கள் துயரத்தைச் சொல்ல வேண்டும். வாசல் பலகையில் ‘மொழிபெயர்ப்பு, விண்ணப்பம், விசாரணை’ என்று இருக்கும். முதல் இரண்டும் சோற்றுக்கு. மூன்றாவது ராத்தாவின் ஆசைக்கு. ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் தட்டெழுத்தாளராக அரை ஆயுளைக் கழித்தவர். கள்ளக் காணி உறுதி எழுதிக்கொண்டு வருகிறவன் படியேறும் சத்தத்திலேயே ஆளைப் பிடித்துவிடுவார் என்று ஊரில் பேச்சு.

நான் மசூர். அவருடைய உதவியாளன், ஓட்டோ சாரதி, யாரையாவது ஏச வேண்டும் என்று தோன்றும்போது பக்கத்தில் இருக்கிற ஆள். சொந்த அக்கா இல்லை, ஊர் முறையில் ராத்தா. சொந்தமாக இருந்தால் ஏசுவதற்கு இவ்வளவு உரிமை எடுக்க மாட்டார்.

“கல்யாணந்தான்,” என்றாள் அந்தப் பெண். “ஆனா கொலை மாதிரித்தான்.”

ராத்தா கோப்பையைக் கீழே வைத்தார்.

பெயர் நஜ்லா. மருதமுனை. ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூசன் கொடுக்கிறாள். கட்டாரில் வேலை செய்த றினாஸ் என்பவனுக்கு மூன்று வருசமாகப் பேசி வைத்திருந்தார்கள். அவன் ஊருக்கு வந்ததும் நிக்காஹ் என்று ஏற்பாடு. அவன் வருவதற்கு முந்தின கிழமை அவனுடைய மாமி ஒரு போனோடு வந்து, பெண் வீட்டு ஹோலின் நடுவில் நின்று, அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லோரும் பார்க்க அதைத் தூக்கிக் காட்டியிருக்கிறா. நஜ்லாவின் இலக்கத்தில் இருந்து றினாஸுக்குப் போன செய்தியின் படம்.

அந்தப் படத்தை நஜ்லா எங்களுக்கும் காட்டினாள். செய்தி ஆங்கிலத்தில். என் ஆங்கிலத்தின் உடல்நிலை காரணமாகத் தமிழில் தருகிறேன். புள்ளிகளையும் இடைவெளிகளையும் மட்டும் இருந்த இடத்திலேயே விட்டிருக்கிறேன்.

‘இந்தக் கல்யாணத்தில் எனக்கு விருப்பம் இல்லை.  நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன்; யாரும் என்னை வற்புறுத்தவில்லை.  தயவுசெய்து இனி என்னை அழைக்க வேண்டாம்.’

கீழே றினாஸின் பதில், அது தமிழிலேயே இருந்தது: ‘உங்கள் முடிவை ஏற்றுக்கொள்கிறேன். நல்லா இருங்கள்.’

“மரியாதையான பொடியன்,” என்றேன்.

“வாய மூடு,” என்றார் ராத்தா. ஆனால் கண் அந்தப் பதிலில் கொஞ்ச நேரம் நின்றதை நான் கண்டேன்.

“நான் எழுதல்ல ராத்தா,” என்றாள் நஜ்லா. “என்ர போன்ல பாத்தா ஒண்டுமில்ல. ஆரோ அனுப்பிட்டு அழிச்சிரிக்காங்க. நான் கோல் எடுத்தா அவர் ப்ளொக் பண்ணிட்டார். வாப்பா என்னோட கதைக்கிறல்ல. எனக்கு வேற ஒருத்தன் இரிக்கான் எண்டு ஊரெல்லாம் கதை. வாற வெள்ளிக்கிழமை அவருக்கு வேற இடத்தில நிக்காஹ். கோவத்திலதான் ஓம் எண்டு செல்லியிரிக்கார். நான் எழுதல்ல எண்டு ஒரு ஆதாரம் கெடச்சா அவர் வந்திருவார். எனக்கு அவரத் தெரியும்.”

“போன் பூட்டு ஆருக்குத் தெரியும்?”

“வீட்டில எல்லாருக்கும்.”

“வீட்டில ஆரு ஆரு?”

“வாப்பா, உம்மா, நான்.”

ராத்தா கையை நீட்டினார். நஜ்லா போனைக் கொடுத்தாள். மூன்று வருசத்துக் காதலை ராத்தா பெருவிரலால் மேலும் கீழும் தள்ளினார். நெல்லில் கல் பொறுக்குகிற முகம்.

“ஒரு புள்ளி இல்ல,” என்றார்.

“எங்க ராத்தா?” என்றேன்.

“ஒரு இடத்திலயும். இவளும் வெக்கல்ல, அவனும் வெக்கல்ல. மூணு வருசம் கதைச்சிரிக்காங்க, ஒரு வசனம் முடியல்ல.”

நஜ்லா முதல் தடவையாக ஒரு டீச்சர் மாதிரி நிமிர்ந்தாள். “ஒரு வசனத்துக்கு ஒரு மெசேஜ். அனுப்பினா முடிஞ்சிதானே, பொறகு புள்ளி எதுக்கு? வெச்சா மூஞ்சில கதவச் சாத்திற மாதிரி. மூணு புள்ளி வெச்சா மனசில என்னமோ ஒளிச்சி வெச்சிரிக்கான் எண்டு அர்த்தம். ஆச்சரியக்குறி ரெண்டு போட்டா நல்ல மனசோட செல்லுறார் எண்டு.”

“படிப்பிக்கிறதும் இப்பிடித்தானா?”

“ஐயோ இல்ல. வகுப்பில புள்ளி வெக்காட்டி மார்க்ஸ் வெட்டுவன். போன்ல புள்ளி வெச்சா கூட்டாளிய வெட்டுவன்.”

எனக்குள் ஒரு பல்ப் எரிந்தது. “தங்கச்சி, நான் என்ர பொஞ்சாதி ஹாஜறாவுக்கு எப்பவும் ‘ஓகே’ போட்டு ஒரு புள்ளியும் வெச்சித்தான் அனுப்பிற...”

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். “அவங்க உங்களோட எப்பவும் கோவமா இரிப்பாங்களே, மசூர் காக்கா?”

கலியாணம் முடித்த நாள் முதல் கிடைக்காத விடை ஓர் ஆங்கில டியூசன் டீச்சரிடம் கிடைத்தது.

அதற்குப் பிறகு நான் துப்பறிந்தேன். எப்போதாவது செய்வேன். “ராத்தா, முற்றுப்புள்ளிய விடுங்க. நடுவில அரைப்புள்ளி ஒண்டு இரிக்கி, பாத்தீங்களா? மருதமுனையில உயிரோட அரைப்புள்ளி வெக்கிற ஒரே மனுசன் கச்சிமுகம்மது சேர். எனக்கும் அவர்தான் இங்கிலீசு. அரைப்புள்ளி வெக்கத் தெரியாததுக்கு என்ர முழங்காலப் பழுக்க வெச்சவர்.”

“அவர்தான் என்ர வாப்பா,” என்றாள் நஜ்லா.

என் கை தானாக முழங்காலைத் தடவியது. ராத்தா செய்தியைப் பெரிதாக்கி, எழுத்துக்களை விட்டுவிட்டு, எழுத்துக்கள் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போவம்,” என்றார். “மகள், நீங்க பஸ்ஸில முன்னால போங்க. எங்களத் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கொள்ளாதீங்க. மசூர் பழைய மாணாக்கன், சேரப் பாக்க வாறான். நான் அவன்ட ராத்தா.”

“என்ன கொண்டு போற ராத்தா? வெறுங்கையோட போகேலாதே.”

“உன்ர மூளையக் கொண்டு வா. பாரமா இரிக்காது.”

*

பாண்டிருப்பைத் தாண்டி மருதமுனைக்குள் திரும்பினால் கடல் வாசம் முதலில் வரும், பிறகுதான் ஒழுங்கை வரும். சேரின் வீடு கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் இரண்டாவது. ஓட்டு வீடு. மதில் புதுசு, சுவர் பழசு. வீட்டுக்குப் பின்னால், கடலைப் பார்த்த மாதிரி, பூசாத கல்லில் இரண்டு அறை எழும்பியிருந்தது. கூரைத் தகடு போட்டாயிற்று. ஜன்னலுக்குக் கதவு இல்லை. உள்ளே விறகு.

அது என்னவென்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்கத் தேவையில்லை. இங்கே வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெற்றவர்கள் சட்டி பானையைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கம் போவார்கள். நானும் அப்படி வந்த மாப்பிள்ளைதான். என் மாமி பின்னறையில் படுத்துக்கொண்டு நான் எத்தனை தரம் இருமுகிறேன் என்று கணக்கு வைத்திருக்கிறா. குறைவாக இருமினால் கவலைப்படுகிறா.

சேர் முன் விறாந்தையில் சாய்கதிரையில் இருந்தார். மடியில் ஆங்கிலப் பத்திரிகை, கையில் சிவப்புப் பேனை. செய்தி வாசிக்கவில்லை, திருத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.

“டேய், டபிள்யூ! இன்னும் உயிரோட இரிக்கியா?”

ஓ.எல். பரீட்சையில் ஆங்கிலத்துக்கு எனக்குக் கிடைத்த எழுத்து அது. ஃபெயில் என்பதைக் கூடச் சுருக்கித் தந்திருந்தார்கள். சேருக்கு மாணவர்களின் பெயர் ஞாபகம் இருப்பதில்லை.

“ஓம் சேர். பாஸாகத்தான் ஏலாமப் போச்சு, சாகவும் ஏலாமக் கெடக்கு.”

அவர் சிரிக்கவில்லை. ராத்தா பக்கத்தில் உட்கார்ந்து, நேரே விசயத்துக்கு வந்தார். “சேர், மகள்ட விசயம் கேள்விப்பட்டம். அந்த மெசேஜ நானும் பாத்தன். நல்ல இங்கிலீசு.”

“நல்ல இங்கிலீசு!” சேர் பேனையை மூடினார். “அவளுக்கு நான் பதினாறு வருசம் படிப்பிச்சன். ஒரு நாளும் ஒழுங்கா எழுதல்ல. என்ர மூக்க வெட்டிறதுக்கு மட்டும் பிழையில்லாம எழுதியிரிக்காள்.”

உள்ளே கதவோரம் நஜ்லா நின்றாள். கேட்டிருப்பாள். கேட்கத்தான் சொன்னார்.

“சேர், உங்கட போனக் கொஞ்சம் தருவீங்களா? என்ர போன்ல சார்ஜ் இல்ல,” என்றார் ராத்தா.

சேர் சேட்டுப் பையில் கை விட்டு ஒரு பட்டன் போனை எடுத்து நீட்டினார். எண்கள் தேய்ந்து போன பழைய சாமான். “கோல் எடுக்கலாம். மற்ற ஒரு எழவும் இல்ல. கண்ணாடியத் தடவி எழுதிற வேலை எனக்குத் தெரியா. ஒருக்கா மகள்ட போனத் தொட்டன், அது தானாப் பாட்டுப் படிச்சிது.”

நான் ராத்தாவைப் பார்த்தேன். என் துப்பு ஒழுங்கையில் நாய் துரத்த ஓடிப்போவது எனக்கே தெரிந்தது.

“அப்ப மகள்ட உம்மா...?” என்று இழுத்தேன்.

சேர் இப்போதுதான் சிரித்தார். குசினிவரை கேட்கிற சிரிப்பு. “முனவ்வறாவா? இங்கிலீசில அவட பேரையே எழுதிப் போடுவாவோ தெரியா! கூப்பிட்டுக் கேட்டுப் பாரு. பொழுது போகும்.”

குசினியில் ஒரு கோப்பை கொஞ்சம் பலமாக வைக்கப்பட்டது.

முனவ்வறா உம்மா தட்டோடு வந்தா. மெலிந்த, நிதானமான மனுசி. தேத்தண்ணி, பக்கத்தில் வெட்டிய வட்டிலப்பம். துக்க வீடு மாதிரிக் கிடக்கிற வீட்டில் வட்டிலப்பமா என்று நான் பார்த்ததைக் கண்டு, “ஆக்கள் வாற வீட்டில வெறுந்தேத்தண்ணி குடுக்கிறல்ல மனே,” என்றா. பேசும்போது சேரின் பக்கம் பார்க்கவில்லை. சேரும் அவ பக்கம் பார்க்கவில்லை. அது நெடுங்காலமாக அப்படித்தான் என்று தெரிந்தது.

ராத்தா ஒரு துண்டை வாயில் போட்டார். கண்ணை மூடினார். யாரையும் எதற்கும் பாராட்டாத மனுசி, “அல்லாவே, என்ன பதம்!” என்றார். எனக்குப் பயம் வந்தது.

“இது எப்பிடிச் செய்யிற மச்சி?”

“லேசுதான். செல்லட்டா?”

“எனக்கு மறதி. வாட்ஸப்பில எழுதி அனுப்பிவிடுங்களன். தமிழில போதும். என்ர நம்பர் தாறன்.”

முனவ்வறா உம்மா சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தா. இரண்டு பெருவிரலும் கண்ணாடியில் நடந்தன. பார்த்துப் பார்த்துக் குத்தவில்லை. கண் ராத்தாவின் முகத்தில் இருந்தது, விரல் தன் பாட்டில் போனது.

“முனவ்வறா! இதில சீனி இல்ல!” என்றார் சேர்.

அவ பாதியில் நிறுத்தி, வந்ததை மட்டும் அனுப்பிவிட்டு எழும்பினா. “மிச்சத்தப் பொறகு அனுப்பிறன்.”

சார்ஜ் இல்லாத ராத்தாவின் போன் மடியில் டிங் என்றது. சேருக்கு அது விளங்கவில்லை. ராத்தா வாசித்தார். வாசித்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அறிவேன். அதற்குப் பிறகு யாராவது ஒருவர் நல்லா இருந்ததாக ஞாபகம் இல்லை.

*

“எல்லாரும் ஒருக்கா ஹோலுக்கு வாங்க,” என்றார். “சேர், நீங்களும்.”

அதன் பிறகுதான் தான் யார் என்று சொன்னார். நஜ்லா வந்து எனக்குப் பக்கத்தில் நின்றாள். சீனிப் போத்தலோடு வந்த முனவ்வறா உம்மா அதை மேசையில் வைக்காமலே நின்றா.

ராத்தா இரண்டு போனையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். ஒன்றில் நஜ்லாவின் பெயரில் போன செய்தி. மற்றதில் வட்டிலப்பம்.

‘தேங்காயைத் துருவிக் கட்டிப் பால் எடுக்கவும்.  கருப்பட்டியைச் சீவிப் பாலில் கரைக்கவும்.  முட்டையை நுரைக்க விடாமல் அடிக்கவும்.  ஏலக்காய் போட்டு ஆவியில் அவிக்கவும்.’

“வாசிக்காதீங்க,” என்றார் ராத்தா. “புள்ளிக்குப் பொறகு இரிக்கிற வெளியப் பாருங்க. இதிலயும் பாருங்க, அதிலயும் பாருங்க.”

பார்த்தேன். ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் ஒரு பல் விழுந்த மாதிரி அகலமான இடைவெளி. இரண்டிலும்.

“இந்தக் காலத்துப் புள்ளைகள் புள்ளியே வெக்கிறல்ல. சேர் வெப்பார், பேனையால. போன்ல புள்ளி வெக்கிற ஆக்களும் ஒரு இடம் விட்டிட்டு அடுத்த வசனத்துக்குப் போயிருவாங்க. புள்ளிக்குப் பொறகு ரெண்டு தரம் தட்டிற கூட்டம் ஒண்டு மட்டுந்தான் மிச்சம். டைப்ரைட்டர்ல படிச்ச ஆக்கள். நானும் அதிலதான். ஒரு தரம் தட்டினா வெரல்ல ரூலரால விழும். இப்ப உலகத்தில ஒருத்தரும் அப்பிடித் தட்டிறல்ல. ஆனா அடி வாங்கின வெரலுக்கு அது தெரியா.” ராத்தா முனவ்வறா உம்மாவைப் பார்த்தார். “இங்கிலீச ஒளிச்சிட்டீங்க மச்சி. தமிழ ஒளிக்க வேணும் எண்டு தோணல்ல.”

“இவளா?” சேர் மீண்டும் சிரிக்கப் போனார். “டைப்பிங்கா? இவளா?”

“கல்முனையில ரெண்டு வருசம் படிச்சன்,” என்றா முனவ்வறா உம்மா. சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. “இங்கிலீசு, தமிழ் ரெண்டும். உங்களுக்குத் தெரியும். மறந்திட்டீங்க. நிக்காஹ்வுக்கு முன்ன உங்களுக்கு இங்கிலீசில ஒரு கடிதம் எழுதினன். சிவப்பு மையால திருத்தி, பத்துக்கு நாலு போட்டுத் திருப்பி அனுப்பினீங்க. அதுக்குப் பொறகு உங்களுக்கு முன்னால ஒரு எழுத்தும் நான் எழுதல்ல.”

சேரின் வாய் திறந்தது. அதில் திருத்துவதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

“உம்மா...” என்றாள் நஜ்லா.

“ஓம். நாந்தான். நீ குளிக்கப் போன நேரம்.”

மன்னிப்புக் கேட்கப்போகிறா என்று நினைத்தேன். கேட்கவில்லை. சீனிப் போத்தலை மேசையில் வைத்துவிட்டு, கையால் பின்பக்கத்தைக் காட்டினா.

“எங்கட உம்மா இந்த வீட்ட எனக்குத் தந்திட்டு அந்த இடத்திலதான் போய் இரிந்தா. ஓலைக் குசினி. முன் ஹோலுக்கு வர வெக்கப்படுவா. கடல் ஊருக்குள்ள வந்த அண்டைக்கு முன்னுக்கு இரிந்த நாங்க தப்பினம். பின்னுக்கு இரிந்தவ தப்பல்ல. கதவக் கூடக் காணக் கிடைக்கல்ல. அதே இடத்தில இவர் அத்திவாரம் வெட்டி ரெண்டு அறை கட்டிறார். நானும் இவரும் அங்க போகட்டாம். கடலப் பாத்து ஜன்னல் வேற.”

எனக்கு என் மாமியின் பின்னறை ஞாபகம் வந்தது. அதில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை.

“ஒரு வார்த்தை செல்லியிரிக்கலாமே, உம்மா,” என்று வாய்விட்டேன்.

“ஆருக்கிட்ட மனே? செவப்புப் பேனைக்கிட்டயா?”

சேர் பேனையைப் பார்த்தார். அது இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

“என்னட்டச் செல்லியிரிக்கலாம்,” என்றாள் நஜ்லா.

“செல்லியிரிந்தா நீ விட்டிருப்பியா? உனக்குக் கண்ணில அவன் மட்டுந்தானே தெரிஞ்ச.”

அது உண்மை. அதனால்தான் நஜ்லா அழவில்லை. உம்மாவை ஏசவும் இல்லை. அந்த நேரத்திலும் அவளுக்கு அவன் மட்டும்தான் தெரிந்தான். ராத்தாவின் பக்கம் திரும்பி, மூச்சு வாங்க, “ஆதாரம் கெடச்சிட்டுதானே ராத்தா? அவருக்கு எடுங்க. இப்பவே எடுங்க,” என்றாள்.

ராத்தா தன் போனை எடுத்துக் கைப்பைக்குள் போட்டார். “நீங்க கேட்டது ஆரு எழுதின எண்டு. செல்லிட்டன். இத்தோட விடுவமே, மகள்.”

“வெள்ளிக்கிழமைக்கு முன்ன அவருக்குத் தெரிய வேணும்!”

“எடுப்பம் ராத்தா,” என்றேன் நான். “பாவம், புள்ள.”

ராத்தா என்னைப் பார்த்த பார்வையில் ஓர் ஓட்டோ எரிந்திருக்க வேண்டும். பிறகு தோளைக் குலுக்கினார். “எடு. ஸ்பீக்கர்ல போடு. ஒருத்தரும் வாய் திறக்கப்படா.”

நஜ்லா இலக்கம் சொல்ல, நான் என் போனில் அழுத்தினேன். இரண்டாவது மணியில் எடுத்தான். நல்ல குரல். மரியாதையான ஸலாம். பின்னால் மின்விசிறி சுற்றும் சத்தம்.

“தம்பி, நான் ஸுஹைறா. கல்முனையில விசாரணை செய்யிற ஆள். ஒரே ஒரு கேள்வி. அந்த மெசேஜ் நஜ்லா எழுதினதில்ல எண்டு உங்களுக்கு எப்ப தெரியும்?”

தெரியுமா என்று கேட்கவில்லை. எப்போது என்று கேட்டார். நஜ்லா தலையைத் தூக்கினாள்.

மின்விசிறியின் சத்தம் தூரமானது, எழும்பி வெளியே போகிறான். பிறகு, “ஆரு உங்களுக்குச் சென்ன?”

“உங்கட பதில்தான். மூணு வருசம் புள்ளி வெக்காத மனுசன் அண்டைக்கு மட்டும் வசனத்துக்கு வசனம் புள்ளி வெச்சிரிக்கீங்க. மூணு வருசம் ‘நீ, நீ’ எண்டு எழுதின புள்ளைக்கு ‘உங்கள் முடிவு’ எண்டு எழுதியிரிக்கீங்க. மனசு உடைஞ்சவன் அவ்வளவு வடிவா எழுதமாட்டான் தம்பி. படம் புடிச்சி ஊருக்குக் காட்டப் போறவன்தான் எழுதுவான்.”

கதவு ஒன்று சாத்தும் சத்தம் கேட்டது.

“வாசிச்ச உடனே தெரியும்,” என்றான். “நஜ்லா ஒரு நாளும் புள்ளி வெக்கிறல்ல. அவட வாப்பா எழுதியிரிப்பார் எண்டு நெனச்சன்.”

“ஒருக்காக் கேட்டுப் பாக்கல்ல?”

“என்னத்தக் கேக்கிற? எங்கட வீட்டில அக்கரைப்பத்தில ஒரு இடம் பாத்திட்டாங்க. மாடி வீடு. புதுசு. நஜ்லாட வீடு பழைய வீடு, கடலுக்கும் கிட்ட. உம்மாவுக்குத் துவக்கத்தில இருந்தே விருப்பமில்ல. எப்பிடி அவளுக்குச் செல்லுற எண்டு தெரியாம ஒரு மாசமா இரிந்தன். அந்த மெசேஜ் வந்திச்சு. எனக்கும் லேசாப் போச்சு.” கொஞ்சம் நிறுத்தினான். குரலில் உண்மையாகவே கவலை இருந்தது. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. “நீங்க இத அவட்டச் செல்லிராதீங்க, ராத்தா. பாவம். தாங்கமாட்டாள்.”

“செல்லமாட்டாங்க,” என்றாள் நஜ்லா, என் கையில் இருந்த போனுக்குக் குனிந்து.

கோல் அறுந்தது. அவன்தான் அறுத்தான்.

ஹோலில் யாருக்கும் யாரையும் பார்க்க இடமில்லை. முனவ்வறா உம்மா சுவரைப் பார்த்தா. அவ காப்பாற்றின சுவர். மேலே ஓட்டில் ஓர் ஈரக்கறை, கீழே சுண்ணாம்பு உரிந்த இடம்.

“பழைய வீடாம்,” என்றா மெதுவாக.

நஜ்லா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்பதை விட அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். “ஓம் உம்மா. அவருக்கு வேணாமாம். நீங்களே வெச்சிக்கங்க.”

அப்போது அவளுடைய போன் அடுத்தடுத்துச் சத்தமிட்டது. ப்ளொக்கை எடுத்துவிட்டிருந்தான். சொரி என்று ஒன்று, ப்ளீஸ் என்று ஒன்று, உடைந்த இதயம் ஒன்று, வெளியில் ஒருவருக்கும் சொல்லிவிடாதே என்று ஒன்று. புள்ளி இல்லாமல் வந்துகொண்டே இருந்தன. பழைய றினாஸ்.

நஜ்லா எல்லாவற்றையும் வாசித்தாள். பிறகு ஒரு சொல்லை எழுதினாள். ஓகே. பெருவிரல் கொஞ்சம் நின்றது. கீழே இறங்கி, அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளியை வைத்து அனுப்பினாள்.

போனை மேசையில் கவிழ்த்தாள்.

சேர் எழும்பினார். ஏதோ சொல்லப்போகிறார் என்று எல்லோரும் பார்த்தோம். பத்திரிகையை எடுத்தார். பேனையை மேசையிலேயே விட்டார். குசினியைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, அந்தப் பூசாத அறைக்குள் போய், விறகை ஒரு பக்கம் தள்ளி, கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே இருந்தார். முனவ்வறா உம்மா அவரைக் கூப்பிடவில்லை.

*

ஓட்டோ பாண்டிருப்பைத் தாண்டும்வரை நான் வாய் திறக்கவில்லை. எனக்கு அது ஒரு சாதனை.

“உங்களுக்கு முதல்லயே தெரியும், என்ன? அவன் தெரிஞ்சிதான் செஞ்ச எண்டு.”

“பதிலப் பாத்த உடனே.”

“பின்ன ஏன் ராத்தா என்ன எடுக்க விட்டீங்க?”

“நான் விடல்ல. நீதான் பாவம் எண்டாய்.” வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “எடுக்காட்டி அவள் வெள்ளிக்கிழமை வரைக்கும் வாசலப் பாத்திட்டு இரிப்பாள். வெள்ளிக்குப் பொறகும் இரிப்பாள். சில புள்ளைகள் சாகிற வரைக்கும் இரிப்பாங்க.”

அதை யாரைப் பற்றிச் சொன்னார் என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

என் போனில் ஹாஜறா. வரும்போது தேங்காய் வாங்கிவரச் சொல்லியிருந்தாள். ஓட்டோவை ஓரம் கட்டி ‘ஓகே’ என்று எழுதினேன். விரல் பழக்கத்தில் புள்ளிக்குப் போனது. இழுத்தெடுத்தேன். அனுப்பினேன். உடனே பதில் வந்தது: என்ன, உடம்புக்குச் சரியில்லையா என்று.

பின் சீட்டில் ராத்தாவின் போன் டிங் என்றது.

“ஆரு ராத்தா?”

“வட்டிலப்பம்,” என்றார்.

“என்ன?”

“மிச்சத்த அனுப்பிறன் எண்டு சென்னாவே. அனுப்பியிரிக்கா.”

நான் கண்ணாடியில் பார்த்தேன். ராத்தா போனைத் தள்ளிப் பிடித்து, எழுத்துக்கூட்டுகிற பிள்ளை மாதிரி, மெல்ல வாசித்தார்.

“‘அடுப்பில் இருந்து இறக்கியதும் தொட வேண்டாம்.  நன்றாக ஆறவிடவும்.  சூட்டோடு வெட்டினால் உடைந்துவிடும்.’”

ஒவ்வொரு புள்ளிக்கும் அவர் இரண்டு தரம் நிறுத்தினார். நான் ஓட்டோவைக் கிளப்பினேன். வழியெல்லாம் குழி. அன்றைக்கு மட்டும் ஒன்றிலும் விழாமல் ஓட்டினேன்.